சினத்தைச் சொல்லும் எகிப்தியச் சொல்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டை எகிப்திய மொழியில் சினத்தைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று, மலைச்சரிவு, நீரலை, கை ஆகிய மூன்று ஒலிக்குறிகளால் எழுதப்படும் க்-ன்-த் என்னும் வினை. இம்மூன்றையும் அடுத்து எழுத்தர் ஒரு பபூன் குரங்கை வரைந்து சொல்லை முடிப்பார். புதிதாகக் கற்போர் பலர் அக்குரங்கையும் ஓர் ஒலியாகக் கொண்டு வாசிக்க முயல்வர். சிலர் சொல்லுக்கே 'குரங்கு' என்று பொருள் எழுதிவிடுவர். உண்மையில் அக்குரங்கு, சொல்லின் பொருள் எவ்வகை என்று காட்ட மட்டும் வரையப்படும், வாய்விட்டு வாசிக்கப்படாத பொருட்குறி. எகிப்தியவியல் அறிஞர் ஆலன் கார்டினர் 1927இல் வெளியிட்ட இலக்கணத்தின் குறிப்பட்டியல் காட்டுவதுபோல, பபூனைக் குறிக்கும் சொல்லுக்கும் இதே குறிதான் வரும் என்பதால், எந்தச் சொல் என்பதை முன்னுள்ள ஒலிக்குறிகளைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

எகிப்தியர் சினத்தை ஒரே சொல்லில் அடக்கவில்லை. ஷ்-ப்-த் என்னும் சொல்லுக்கு, சீண்டினால் உடல் உப்பிக்கொள்ளும் நைல் நதிப் பேத்தை மீன் பொருட்குறியாக வரும். அது மனக்குறையோடு முகம் உப்பியிருப்பதற்கு ஏற்ற சொல். இரண்டையும் 'கோபம்' என்றே பெயர்த்தால் அந்த மீனை வரைந்தவரின் நுட்பம் வீணாகிவிடும்.

தமிழரை வழுக்கவைக்கும் இடம் வினை விகுதி. 'அரசன் சினந்தான்' என்பதில் எழுவாய் வெளிப்பட நின்றாலும் 'ஆன்' விகுதி விலகுவதில்லை. எகிப்தியத்தில் க்-ன்-த் என்பதோடு சேரும் 'ஃப்' என்பதே 'அவன்' என்னும் எழுவாய். ஆகவே ரா என்ற கடவுளின் பெயர் எழுவாயாக வந்தால் 'க்-ன்-த் ரா' என்றே நிற்கும், 'ஃப்' வராது. தாய்மொழிப் பழக்கத்தில் இரண்டையும் சேர்த்தெழுதுவதைப் போல் எளிதில் நேரும் பிழை வேறில்லை.

நிலையுணர்த்தும் வடிவம் வேறு. அது 'சினந்தான்' என்பதைவிட 'சினந்திருக்கிறான்' என்பதற்கு நெருக்கமானது. படர்க்கை ஆண்பாலில் 'வ்' விகுதியும், பெண்பாலில் 'த்ய்' விகுதியும், தன்மையில் 'க்வ்' விகுதியும் ஏற்கும். ஆண்பன்மைப் பெயர் விகுதியும் 'வ்' என்பதால், 'அவன் சினந்திருக்கிறான்' என்ற தொடரைச் 'சினந்தவர்கள்' என்று வினையாலணையும் பெயராகப் படித்துவிடுவது உண்டு. போதாக்குறைக்கு, எழுத்தர் அந்த 'வ்' விகுதியை எழுதாமலே விடுவது வழக்கம். அப்போது சொற்களின் வரிசைதான் துணை.

சொல்லின் இறுதியில் உள்ள 'த்' போக, தொழிற்பெயருக்கென்று மேலும் ஒரு 'த்' விகுதி சேர்ப்பது இன்னொரு பிழை. ஈற்றில் 'ய்', 'வ்' போன்ற மெலிந்த மெய்யுடைய வினைகளுக்கே அது பெரும்பாலும் உரியது. மூன்று வலிய மெய்களாலான இவ்வினைக்குத் தொழிற்பெயரும் க்-ன்-த் என்றேதான் இருக்கும். 'த்' சேர்ந்தால் அது 'சினந்தவள்' ஆகிவிடும்.

நம் எழுத்தும் சற்று ஏமாற்றும். இச்சொல்லின் முதல் ஒலி தொண்டையின் உட்பகுதியில் பிறக்கும் ககரம். எகிப்திய அகராதிகள் அதைச் சாதாரணக் ககரத்துக்கு முன் தனி எழுத்தாக வைப்பதால், தமிழ் வடிவத்தை மட்டும் குறித்துக்கொண்டவர் தவறான பக்கத்தில் தேடிக்கொண்டிருப்பார். வகுப்பில் 'கெனெத்' என்கிறோமே, அந்த எகரங்கள் வாசிப்பு வசதிக்காக அறிஞர் செருகியவை. எகிப்தியர் உயிரொலிகளை எழுதவில்லை. இச்சொல்லின் வழித்தோன்றலாகக் எகிப்திய மொழியின் பிற்கால வடிவமான காப்டிக் மொழியில் வாழும் வினையில், முதல் மெய்யை அடுத்து நீண்ட ஓகாரம் இருக்கிறது.