சாந்தோரினியின் வெள்ளைச் சுவர்கள் படத்தில் சாம்பலாகாமல் இருக்க

கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவில், ஓயா ஊரின் வெள்ளையடித்த வீடுகளைத் தானியங்கி முறையில் படமெடுத்தால், கேமரா அந்த வெண்மையை மிகையான வெளிச்சமாகக் கருதிக் குறைத்துவிடுவதால், சுவர்கள் அழுக்குச் சாம்பல் நிறத்தில் பதிவாகின்றன. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க உதவும் ஒளியளவுத் திருத்தத்தை (exposure compensation) +0.7 முதல் +1 வரை கூட்டுங்கள். கைப்பேசியாக இருந்தால், திரையில் சுவரைத் தொட்டு, அருகில் தோன்றும் சூரியக் குறியைச் சற்று மேலே நகர்த்தினால் போதும். அதற்கு மேல் கூட்டினால், பூச்சில் தூரிகை விட்டுச்சென்ற மெல்லிய தடங்கள்கூட மறைந்துவிடும்.

மாலைச் சூரியனுக்காகப் பழைய கோட்டை இடிபாட்டில் நெருக்கியடித்து நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன். படத்தில் பிறருடைய கைப்பேசிகளே மிகுதி. மறுநாள் விடியற்காலையில், ஆளற்ற படிக்கட்டிலிருந்து, நீலக் குவிமாடத்தின் விளிம்பில் மட்டும் இளஞ்சிவப்பு ஒளி படர்ந்திருந்தபோது எடுத்ததே தேறிய படம்.