பறக்கும் தட்டுப் படத்தோடு வரும் மைத்துனரிடம் வாதாடுவது எப்படி?

டிஜிட்டல் கேமரா வருவதற்கு முன்னால் பல வருடம் இருட்டறையில் பிரிண்ட் போட்டுப் பிழைத்தவன் நான். படத்தில் யாருடைய தோளுக்கு மேலாவது வெள்ளை வட்டம் விழுந்திருந்தால், தூசியா, கீறலா, ஃபிளாஷ் பட்டுத் தெறித்ததா என்று நெகட்டிவைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தத் தெம்பில்தான் மைத்துனரிடம் மாட்டிக்கொண்டேன்.

அவர் போனில் ஒரு படம் காட்டினார். கீழே பூமி, மேலே கறுப்பாக முறுக்கிக்கொண்டு ஏதோ ஒன்று. "விண்வெளி வீரர் எடுத்த படம். 13,000 வருடமாகச் சுற்றும் வேற்றுகிரகத்துச் செயற்கைக்கோள்" என்றார். நான் சரியாகக்கூடப் பார்க்காமல், "கம்ப்யூட்டரில் செய்தது" என்றேன். அவர் பதற்றமே இல்லாமல் நாசாவின் படத்தொகுப்பைத் திறந்து அதே படத்தைக் காட்டினார். வீடே சிரித்தது.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: "போலி" என்று ஆரம்பிக்காதீர்கள். இந்த மாதிரிப் படங்களில் பல நிஜமாகவே விண்வெளியில் எடுத்தவை. சண்டை படத்தைப் பற்றியதல்ல, படத்தில் இருப்பது என்ன என்பதைப் பற்றியது.

அடுத்து, படத்தின் எண்ணைக் கேளுங்கள். மைத்துனர் காட்டியதன் எண் எஸ்டிஎஸ்088-724-66. முதலில் இருப்பது பயணத்தின் பெயர், நடுவில் ஃபிலிம் ரோல், கடைசியில் பிரேம். எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஏனென்றால் 66 இருந்தால் 65 இருக்கும், 67 இருக்கும். வெட்டி ஒட்டிப் பரப்புகிறவர்கள் தருவது ஒரே ஒரு படம். அதுவும் ஓரங்களை நறுக்கி, வெளிச்சத்தை ஏற்றியது. நீங்கள் ரோலைக் கேளுங்கள்.

அன்று இரவு நான் பக்கத்துப் பிரேம்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றில் கறுப்பாகத் தெரிவது அடுத்ததில் வெளிறித் தெரிகிறது. ஒன்றில் மடிந்திருக்கிறது, இன்னொன்றில் விரிந்திருக்கிறது. கொடியிலிருந்து பறந்துபோன துணி காற்றில் புரளுமே, அதே புரளல். விஷயம் இதுதான்: 1998 டிசம்பரில் எண்டெவர் விண்கலத்தில் போனவர்கள் சர்வதேச விண்வெளி நிலையத்தின் முதல் இரண்டு பகுதிகளை இணைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வேலை செய்தபோது வெப்பத்தைத் தடுக்கும் போர்வை ஒன்று கைநழுவி மிதந்து போய்விட்டது. உள்ளே இருந்தவர்கள் அதைப் படம் எடுத்தார்கள். சில நாளில் அது வளிமண்டலத்தில் விழுந்து எரிந்தும் போனது. 13,000 வருடம் எங்கே, சில நாள் எங்கே!

எல்லாப் படத்துக்கும் இப்படிக் கதை கிடைக்காது. அப்போது கண்ணாடியைச் சந்தேகப்படுங்கள். விண்கல ஜன்னலில் ஒன்றுக்குமேல் ஒன்றாகப் பல அடுக்குக் கண்ணாடி உண்டு. உள்ளே எரியும் ஒரே விளக்கு ஒவ்வொரு அடுக்கிலும் ஒருமுறை பிரதிபலித்து, வானத்தில் மூன்று நான்கு தட்டு வரிசை கட்டிப் போவதுபோல் விழும். வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், செய்து காட்டுங்கள். இரவில் அறை விளக்கைப் போட்டுவிட்டு, மூடிய கண்ணாடி ஜன்னல் வழியாகப் போனில் வெளியே படம் எடுங்கள். அப்புறம் ஒரு கறுப்புத் துணியால் போனைச் சுற்றிக் கண்ணாடியோடு ஒட்டி எடுங்கள். தட்டு காணாமல் போகும்.

உருவத்தின் அளவைப் பற்றிப் பேச்சு வந்தால் கவனம். "எவ்வளவு பெரிசு பாருங்கள்" என்பார்கள். தூரம் தெரியாமல் அளவு தெரியாது. பக்கத்தில் மிதக்கும் சின்னத் துகளும் தூரத்துக் கப்பல்போலத் தெரியும். 1962இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் தன் விண்கலத்தைச் சுற்றி மின்மினிபோல ஏதோ மின்னுவதாகச் சொன்னார். சில மாதம் கழித்துப் போன ஸ்காட் கார்பென்டர் கலத்தின் சுவரைக் கையால் தட்டினார், மின்மினிகள் கிளம்பின. வெளியே படிந்திருந்த உறைபனித் துகள்! எனக்கு மிகவும் பிடித்த நிரூபணம் இது.

1996இல் கொலம்பியா விண்கலத்திலிருந்து விட்ட கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் நீளக் கம்பி அறுந்துபோன வீடியோவும் அடிக்கடி வரும். கம்பியைச் சுற்றி நிறைய வட்டத் தட்டுகள் நீந்தும். அவற்றின் ஓரத்தைப் பாருங்கள்: கடித்த மாதிரி ஒரே வடிவ வெட்டு. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரே கடியா? ஃபோகஸில் இல்லாத சின்னத் துகள்களின் ஒளி இப்படித்தான் லென்ஸ் அமைப்பின் வடிவத்தில் விரியும்.

சில சமயம் நீங்கள் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். 1965இல் ஜெமினி 4 விண்கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட் உருளை மாதிரி ஒன்றைப் பார்த்தார், படமும் எடுத்தார். பிறகு வெளியான படத்தைப் பார்த்துவிட்டு, நான் பார்த்தது இது இல்லை, இது ஜன்னலில் விழுந்த பிரதிபலிப்பு என்று அவரே சொன்னார். என்ன பார்த்தார் என்பதோ தீரவில்லை. வேற்றுகிரகக் கப்பல் என்று அவர் சொல்லவும் இல்லை. இங்கே "தெரியவில்லை" என்று சொல்லிவிடுங்கள். மைத்துனர் துள்ளினால் துள்ளட்டும். சிலவற்றுக்கு விடை தாமதமாகத்தான் வரும். அப்போலோ 16 விண்கலம் நிலவிலிருந்து திரும்பி வரும்போது, 1972இல், எடுத்த ஃபிலிமில் குமிழ் வைத்த தட்டு ஒன்று தெரிந்தது. அது கலத்திலேயே கம்பில் மாட்டியிருந்த விளக்கு என்று ஆராய்ந்து சொன்னது 2004இல்.

இப்போதெல்லாம் மைத்துனர் எண் போட்டுத்தான் படம் அனுப்புகிறார். போன வாரம் வந்ததில் முன்னும் பின்னும் இரண்டு பிரேம் சேர்த்தே அனுப்பியிருந்தார். மூன்றிலும் பூமி நகர்ந்திருந்தது, தட்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கீழே ஒரே வார்த்தை எழுதியிருந்தார்: "கண்ணாடி."