பிளஸ் டூ முடிச்சிட்டு சைனீஸ், ஜாப்பனீஸ், கொரியன்ல டிகிரி பண்றது எப்படி? நம்ம வட சென்னை பசங்களுக்காக

தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி பக்கம் கே-டிராமா பாத்தே பாதி கொரியன் பேசுற பசங்க நிறைய பேர் இருக்காங்க. ஆனா அதையே யூனிவர்சிட்டில சேந்து டிகிரியா படிக்கலாம்னு பல வீட்ல தெரியவே இல்ல, அதுக்குத்தான் இத எழுதுறேன்.

முதல்ல, கோர்ஸ் வேற டிகிரி வேற. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனில வேலை மட்டும்தான் குறின்னா சென்னையிலயே கிளாஸ் போய் ஜேஎல்பிடி (ஜாப்பனீஸ் தகுதித் தேர்வு), டோபிக் (கொரியன் தகுதித் தேர்வு) மாதிரி பரீட்சை எழுதி லெவல் ஏத்திக்கோங்க, ஜேஎல்பிடிக்கு இங்கயே சென்டர் இருக்கு, ஜூலை, டிசம்பர்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை நடக்குது. டிகிரின்னா இலக்கியம், வரலாறு, பழைய நடை எல்லாம் சேத்துதான் வரும். கதை கவிதை படிக்கப் புடிக்கும்னா வாங்க, அப்படிப்பட்டவங்களுக்கு இதவிட நல்ல படிப்பு இல்லன்னு மனசார சொல்வேன்.

டெல்லி ஜேஎன்யுல (ஜவஹர்லால் நேரு யூனிவர்சிட்டி) மூணு மொழிக்கும் பிஏ ஆனர்ஸ் இருக்கு, அரிச்சுவடிலேருந்து சொல்லித் தருவாங்க, ட்யூஷன் ஃபீஸ் ரொம்ப கம்மி. சியுஇடிங்கிற பொது நுழைவுத் தேர்வு எழுதணும், எந்தெந்த பேப்பர்னு அந்த வருஷ ப்ராஸ்பெக்டஸ்ல பாத்துக்கோங்க. மேற்கு வங்கம் சாந்திநிகேதன்ல விஸ்வபாரதி யூனிவர்சிட்டில சீன மொழிக்கான சீன பவனம் 1937லேருந்து இருக்கு, ஜாப்பனீஸும் அங்க உண்டு. சென்ட்ரல்ல தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினா ரெண்டு ராத்திரில டெல்லி, வீட்ல பயந்தா இத எடுத்து சொல்லுங்க.

படிக்கிற முறைதான் முக்கியம். நம்ம கைல இருக்கிற புக்கு பெரும்பாலும் இங்கிலீஷ்ல விளக்கும், அதனால பசங்க இங்கிலீஷ்ல யோசிச்சு ஜாப்பனீஸுக்கு மாத்துவாங்க, வேணாம். ஜாப்பனீஸ், கொரியன் ரெண்டுலயும் வினை கடைசில, வேற்றுமை பெயருக்குப் பின்னாடி ஒட்டும், நம்ம தமிழ் மாதிரியேதான். நேரா தமிழ்லேருந்து யோசிங்க, வாக்கியம் தானா வந்து உக்காரும். கொரியன் எழுத்து 1443ல சேஜோங் ராஜா உருவாக்குனது, நம்ம ககரம் மாதிரியே அதுலயும் ஒரே எழுத்து சொல்லுக்கு முதல்ல வந்தா ஒரு சத்தம், நடுவுல வந்தா கொஞ்சம் மெதுவான சத்தம். சைனீஸ்ல வாக்கிய அமைப்பு வேற, டோன் (சொல்லோட அர்த்தத்தையே மாத்துற குரல் ஏத்த இறக்கம்) நாலு, அத காதால கேட்டு கேட்டுதான் புடிக்கணும், ஆனா அவங்க 'ர' நம்ம ழகரத்துக்கு ரொம்ப கிட்ட.

சீன எழுத்த போன்ல பாத்து மனப்பாடம் பண்ணாதீங்க, கட்டம் போட்ட கணக்கு நோட்டு வாங்கி கையால எழுதுங்க. வாய்னு அர்த்தம் வர்ற எழுத்து பாக்க சதுரம், நாலு கோடு மாதிரி தெரியும், ஆனா மூணுதான். இடது கோடு மேலேருந்து கீழ, அப்புறம் மேல் கோடும் வலது கோடும் கை எடுக்காம ஒரே இழுப்பு, கடைசியா அடிக்கோடு. இந்த எண்ணிக்கை தப்பா இருந்தா, கோட்ட எண்ணி தேடுற எழுத்தகராதில அந்த எழுத்த கண்டுபுடிக்கிறது கஷ்டம். ஜப்பான்ல தினசரி புழக்கத்துக்கு வச்சிருக்கிற கான்ஜி (ஜாப்பனீஸ்ல எழுதுற சீன எழுத்து) மட்டுமே 2,136, அதனால தினமும் கொஞ்சம், விடாம.

இலக்கியத்துல நமக்கு ஒரு பெரிய பலம் இருக்கு. சீனாவோட ரொம்பப் பழைய தொகுப்பு ஷீ ஜிங், 305 பாட்டு, அதுல முதல் பாட்டே ஆத்துத் திட்டுல நீர்ப்பறவைங்க கூவுறதுல ஆரம்பிச்சு அப்படியே ஒரு பொண்ண நெனச்சு தூக்கம் வராம பொரள்ற ஒருத்தன்கிட்ட போகும். பறவைக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்னு கவிதை வாய விட்டு சொல்லாது. குறுந்தொகைல நெய்தல் பாட்டு படிச்ச புள்ளைக்கு இது உடனே புரியும், அதனால போறதுக்கு முன்னாடி ஸ்கூல் தமிழ் புக்குல இருக்கிற சங்கப் பாட்டெல்லாம் இன்னொரு தடவை நிதானமா படிச்சிட்டுப் போங்க.

ஜப்பான் அரசாங்கத்தோட மெக்ஸ்ட் ஸ்காலர்ஷிப்ல, வெளிநாட்டு யூனிவர்சிட்டில ஜாப்பனீஸ் மேஜரா படிக்கிறவங்களுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு, அங்க போய் சுமார் ஒரு வருஷம் படிக்கலாம், வெறும் கோர்ஸ் முடிச்சவங்களுக்கு இது கிடைக்காது. கொரியாவுக்கு அந்த நாட்டு அரசாங்கத்தோட ஜிகேஎஸ் ஸ்காலர்ஷிப் இருக்கு. ரெண்டுக்கும் மார்க் ஷீட்லயும் பாஸ்போர்ட்லயும் பேரு, இனிஷியல் ஒரே மாதிரி இருக்கணும், இல்லன்னா இழுத்தடிக்கும், அதனால முதல் வருஷத்துலயே பாஸ்போர்ட் போட்ருங்க.