கிட்டாருக்குப் புது பிக்கப் வாங்கும் முன் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்

"பிக்கப் மாத்தலாம்னு இருக்கேன், எது வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால் (எலக்ட்ரிக் கிட்டாரில் ஸ்ட்ரிங்குக்குக் கீழே இருந்து அதன் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்தான் பிக்கப்) நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: இப்போது இருப்பதில் என்ன குறை? பாதிப் பேருக்கு இதற்கே பதில் வராது. "சவுண்டு அவ்வளவா நல்லா இல்ல" என்பதை வைத்துக்கொண்டு கடையில் எதையும் வாங்க முடியாது. சத்தத்தைக் கரடுமுரடாக்கும் டிரைவ் பெடலை மிதித்ததும் தடி ஸ்ட்ரிங்குகள் கூழாகக் கலந்துவிடுகின்றன, பிரிட்ஜ் பொசிஷன் (ஸ்ட்ரிங் உடலில் முடியும் பக்கத்துப் பிக்கப்) காதைக் குத்துகிறது, கை வைக்காமல் சும்மா இருக்கும்போதே கொர்ரென்று இரைகிறது, கெயின் (ஆம்பில் சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏற்றினால் விசில் அடிக்கிறது, இப்படி ஏதாவது ஒன்றைச் சுட்டிச் சொல்ல வேண்டும். அது தெரிந்துவிட்டால் வாங்கும் வேலை பாதி முடிந்த மாதிரி.

அதற்கும் முன்னால் காசு செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. பிக்கப்பின் இரண்டு பக்கத்திலும் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகி அதன் உயரத்தை மாற்றிப் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) ஸ்ட்ரிங்கை அழுத்திக்கொண்டு, ஸ்ட்ரிங்கின் அடியிலிருந்து பிக்கப்பின் முனை வரை ஸ்கேலில் அளக்க வேண்டும். ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாதிரியான கிட்டாரின் ஒற்றைச் சுருள் பிக்கப்பான சிங்கிள் காயிலுக்குத் தடி ஸ்ட்ரிங் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய ஸ்ட்ரிங் பக்கம் 2 மி.மீ., இரட்டைச் சுருள் உள்ள ஹம்பக்கர் என்றால் இரண்டு பக்கமும் 1.6 மி.மீ. சுமாருக்கு வைத்துத் தொடங்குங்கள். அங்கிருந்து அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு தடவையும் வாசித்துக் கேளுங்கள். கடையிலிருந்து வந்த கிட்டார்கள் பலவற்றில் பிக்கப் தேவைக்கு மேல் ஏறி நிற்கும். சிங்கிள் காயில் பலவற்றில் காந்தக் குச்சிகளே மேலே நீட்டிக்கொண்டிருப்பதால் அவை ஸ்ட்ரிங்கைப் பிடித்து இழுக்கும். ஆறாவது, அதாவது மிகத் தடித்த ஸ்ட்ரிங்கில் 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் வாசித்தால் ஒரே சுரம் இரண்டாகப் பிரிந்து அலைவது போலக் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு டியூனிங் சரியில்லை, கழுத்து வளைந்துவிட்டது என்று கிட்டாரையே திட்டுபவர்கள் உண்டு. பிக்கப்பை ஒரு மி.மீ. இறக்கினால் சரியாகிவிடும்.

அப்புறம் மற்ற குற்றவாளிகள். வால்யூம் பாட்டை (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் தடை, பொட்டென்ஷியோமீட்டர்) திருப்பும்போது கரகரவென்றால் அது அதற்குள் இருக்கும் தூசி, பிக்கப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இரைச்சல் இருக்கிறது, ஆனால் ஸ்ட்ரிங்கில் கை வைத்ததும் சட்டென்று குறைகிறது என்றால் ஷீல்டிங் (வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) போதவில்லை என்று அர்த்தம். பிக்கப் உட்காரும் குழிக்குள் செம்பு டேப் ஒட்டி அதை எர்த்தோடு சேர்த்தால் பெரிய அளவில் அடங்கும். ஹம்பக்கர் மந்தமாகக் கேட்கிறதா? பின் மூடியைத் திறந்து வால்யூம் பாட்டின் முதுகில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம், சிங்கிள் காயிலுக்கு 250 என்பது வழக்கம். 250 பாட் கூர்மையான சத்தத்தை அதிகமாக எர்த்துக்குக் கசியவிடும், அதில் மாட்டிய ஹம்பக்கர் ஜலதோஷம் பிடித்தவர் பேசுவது போல இருக்கும். பாட் ஒன்றின் விலை, பிக்கப் விலைக்கு முன் சில்லறை.

இவ்வளவும் பார்த்த பிறகும் குறை தீரவில்லை என்றால், சரி, பிக்கப்புக்கே வருவோம்.

உள்ளே பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே இரும்பு ஸ்ட்ரிங் அதிரும்போது காந்தப் புலம் ஆடுகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஆனால் அந்தச் சுருள் ஸ்ட்ரிங்கை மட்டும் கேட்பதில்லை, வீட்டு வயரிங், டிரான்ஸ்ஃபார்மர், பக்கத்தில் இருக்கும் சார்ஜர் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கிறது. நம் ஊரில் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்தான் அந்த கொர்ர். 1955-ல் கிப்சன் கம்பெனியின் சேத் லவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துக் காப்புரிமை கேட்டார்: இரண்டு சுருள், ஒன்றின் காந்த முனையும் சுற்றும் திசையும் மற்றதற்கு நேர் எதிர். ஸ்ட்ரிங்கின் சத்தம் இரண்டிலும் கூடும், வெளி இரைச்சல் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஹம் என்கிற இரைச்சலை எதிர்ப்பதால்தான் ஹம்பக்கர் என்ற பெயரே வந்தது. கூடவே சத்தம் தடித்து, மேல் கூர்மை கொஞ்சம் மழுங்கும். எனவே உங்கள் குறை இரைச்சல்தான், ஆனால் ஸ்ட்ராட்டின் அந்தக் கண்ணாடிச் சத்தம் பிடிக்கும் என்றால் ஹம்பக்கருக்குத் தாவ வேண்டாம். நாய்ஸ்லெஸ் என்று விற்கும், ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு சுருள் வைத்த சிங்கிள் காயில்களைப் பாருங்கள். அசலின் உயிர் அதில் நூற்றுக்கு நூறு இருக்காது என்பது என் காது சொல்வது, ஆனால் பேண்டோடு வாசிக்கும்போது யாருக்கும் தெரியாது.

விலை குறைந்த ஸ்ட்ராட் வகை கிட்டார் வைத்திருப்பவர்களுக்குத்தான் பிக்கப் மாற்றுவதில் உண்மையான பலன். அவற்றில் பலவற்றில் முனைகள் வெறும் இரும்புக் குச்சிகள்தான், காந்தம் அடியில் ஒட்டிய ஒரு செராமிக் பட்டை. கழற்றித் திருப்பிப் பார்த்தாலே தெரியும். அதற்குப் பதில் ஆல்னிக்கோ 5 குச்சிக் காந்தங்கள் உள்ள மூன்று பிக்கப் செட் ஒன்றைப் போட்டால் வித்தியாசம் காதுக்கு எட்டும். ஆல்னிக்கோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தம். எண் 2 என்றால் மென்மை, 5 என்றால் கூர்மையும் இறுக்கமும் என்பது பொதுப் பேச்சு. பொதுப் பேச்சுதான், சுருளை எப்படிச் சுற்றியிருக்கிறார்கள் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். செராமிக் என்றாலே மட்டம் என்பதும் கட்டுக்கதை. டிமார்ஸியோவின் சூப்பர் டிஸ்டார்ஷன் 1972-லிருந்து செராமிக் காந்தத்தோடுதான் பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறது.

இணையத்தில் பிக்கப் விற்பவர்கள் கொட்டை எழுத்தில் போடும் எண், சுருளின் மின்தடையைச் சொல்லும் கிலோ ஓம். இதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே தடிமன் கம்பி, ஒரே வகைப் பிக்கப் என்றால் மட்டுமே ஒப்பிடலாம். மெல்லிய கம்பியில் குறைவாகச் சுற்றினாலும் எண் எகிறிவிடும். உங்களிடம் இருப்பதை அளக்கக் கிட்டாரைப் பிரிக்கவே வேண்டாம்: கேபிளைச் சொருகி, ஸ்விட்சை அந்தப் பிக்கப்பில் வைத்து, வால்யூமையும் டோனையும் முழுக்க ஏற்றி, கேபிளின் மறுமுனையில் நுனியிலும் தண்டிலும் மல்டிமீட்டரை வைத்தால் போதும். பாட்டும் சேர்ந்து அளக்கப்படுவதால் கொஞ்சம் குறைத்துக் காட்டும். வெயிலும் விளையாடும். 20 டிகிரியில் 8 கிலோ ஓம் காட்டும் பிக்கப், மே மாதத்துச் சென்னையில் ஃபேன் மட்டும் ஓடும் 35 டிகிரி அறையில் ஏறக்குறைய 8.5 காட்டும், செம்பு சூடானால் தடை கூடும். விற்பவர் ஹென்றி என்ற அலகில் இண்டக்டன்ஸ் (சுருளின் மின்தூண்டல் அளவு) போட்டிருந்தால் அதைப் பாருங்கள், சத்தத்தின் குணத்தை அது நெருக்கமாகச் சொல்லும். ஸ்ட்ராட் வகை 2 முதல் 3 ஹென்றிக்குள், பழைய பாணி ஹம்பக்கர் 4 முதல் 5-க்குள், சூடான ஹம்பக்கர்கள் அதற்கும் மேலே. எண் ஏற ஏற மேல் கூர்மை குறைந்து நடுப்பகுதி தடிக்கும்.

அதிக அவுட்புட் வேண்டும் என்ற ஆசையைப் பற்றி ஒரு வார்த்தை. எழுபதுகளில் வால்வு ஆம்பைக் கதற வைக்க ஓங்கி அடிக்கும் பிக்கப் தேவைப்பட்டது. இன்றைக்கு நம்மில் பலர் வாசிப்பது எஃபெக்ட்ஸ் பிராசஸரில், ஹெட்ஃபோனில், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாத அளவில். கெயின் அங்கேயே வேண்டிய மட்டும் கிடைக்கும். பிரிட்ஜில் ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் என்ற அமைப்பில் 16 கிலோ ஓம் அசுரனைக் கொண்டுபோய் மாட்டினால், ஸ்விட்சைத் தட்டும்போதெல்லாம் மற்ற இரண்டும் ஊமையாகிவிட்டதுபோல இருக்கும். நான் அனுபவித்திருக்கிறேன். இந்த அமைப்புக்கு 8 முதல் 10-க்குள் இருக்கும் நிதானமான ஹம்பக்கர் போதும். கெயினில் கூழாகிறது என்ற குறைக்கும் மருந்து இன்னும் சூடான பிக்கப் இல்லை, அவுட்புட் குறைந்ததும் பேஸ் இறுக்கமானதும்தான். விசில் பிரச்சினை என்றால் மெழுகில் முக்கியெடுத்ததா என்று கேட்டு வாங்குங்கள். நெக் (கழுத்துப் பக்கம்) என்று எழுதியதை பிரிட்ஜில் மாட்டாதீர்கள். பிரிட்ஜ் பக்கம் ஸ்ட்ரிங் குறைவாகத்தான் ஆடும், அதை ஈடுகட்டத்தான் பிரிட்ஜ் பிக்கப்பைக் கூடுதலாகச் சுற்றுகிறார்கள். ஈ.எம்.ஜி 81, 85 போன்ற ஆக்டிவ் பிக்கப் பக்கம் போனால் 9 வோல்ட் பேட்டரிக்கு இடம், 25 கிலோ ஓம் பாட், வேறு ஜாக் எல்லாம் சேர்ந்துகொள்ளும். கேபிளைச் சொருகியே வைத்தால் பேட்டரி காலி.

வாங்குமுன் அளவு எடுங்கள். பிரிட்ஜ் பிக்கப்புக்கு நேர் மேலே, ஆறாவது ஸ்ட்ரிங்கின் நடுவிலிருந்து முதல் ஸ்ட்ரிங்கின் நடு வரை எவ்வளவு? 49, 50 மி.மீ. என்றால் கிப்சன் அளவு. 51 முதல் 53 என்றால் ட்ரெமலோ பிரிட்ஜ் (கைப்பிடியால் ஆட்டக்கூடிய பிரிட்ஜ்) கிட்டார்களுக்கான அகல அளவு, எஃப் ஸ்பேஸ் என்பார்கள். பிக்கார்டைக் (முன்பக்க பிளாஸ்டிக் தகடு) கழற்றிக் குழியையும் பாருங்கள். மூன்று சிங்கிளுக்கு மட்டும் மரம் குடைந்திருந்தால் முழு ஹம்பக்கர் உள்ளே போகாது, உளியைத் தேடாமல் சிங்கிள் அளவிலேயே வரும் ரெயில் வகை ஹம்பக்கரை வாங்குங்கள். ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள், சில ஹம்பக்கரின் கால்கள் நீளமானவை.

வயர் நிறம் இருக்கிறதே, இங்கேதான் நான் சறுக்கினேன். நான்கு வயர் ஹம்பக்கரில் பல கம்பெனிகள் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை என்று அதே நிறங்களைப் போட்டுவிட்டு அர்த்தத்தை மட்டும் மாற்றி வைத்திருப்பார்கள். சீமோர் டங்கனில் கறுப்பு ஸ்விட்சுக்கு, சிவப்பும் வெள்ளையும் சேர்த்துக் கட்ட, பச்சை எர்த்துக்கு. டிமார்ஸியோவில் சிவப்பு ஸ்விட்சுக்கு, கறுப்பும் வெள்ளையும் சேர்த்துக் கட்ட, பச்சை எர்த்துக்கு. நான் ஒன்றின் படத்தைப் பார்த்து இன்னொன்றைச் சால்டர் செய்துவிட்டேன். சத்தம் வந்தது, ஆனால் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோல மெலிந்து போய், பேஸ் என்பதே இல்லாமல், இரைச்சலோடு. ஒரு மணி நேரம் பிக்கப்பைத் திட்டிவிட்டுத்தான் படத்தைச் சரிபார்த்தேன். இரண்டு சுருளும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்துகொண்டிருந்தன.

இப்போதெல்லாம் சால்டர் வைக்கும் முன் ஒரு சோதனை செய்கிறேன். மீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து வயரில் மாட்டி, ஸ்க்ரூ டிரைவர் நுனியை ஒரு சுருளின் முனைகள் மேல் மெதுவாகப் படியவைத்துச் சட்டென்று பிடுங்க வேண்டும். எண் ஒரு கணம் மேலேயோ கீழேயோ துள்ளும். அடுத்த சுருளிலும் அதே பக்கம் துள்ளினால் இணைப்பு சரி, எதிர்ப்பக்கம் துள்ளினால் ஒரு சுருளின் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள். கிட்டாரில் இருக்கும் மற்ற பிக்கப்புகளோடு ஒத்துப்போகிறதா என்பதையும் இதே மாதிரி பார்க்கலாம்.

சால்டரிங் அயர்ன், ஈயம், மீட்டர் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைக்கும். 40 வாட்டுக்குக் குறையாத அயர்னாக வாங்குங்கள், இல்லையென்றால் பாட்டின் முதுகில் எர்த் வயர் ஒட்டவே ஒட்டாது. ஆறு ஸ்ட்ரிங்கையும் கழற்றிய பிறகு கிட்டார் மேல் பழைய துண்டு ஒன்றை விரித்துவிட்டு ஆரம்பியுங்கள், ஈயச் சொட்டு வார்னிஷில் விழுந்தால் போகாது. பிரிப்பதற்கு முன் வயரிங்கை நாலு கோணத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். கழற்றிய பிக்கப்பின் வயரை ஒட்ட வெட்டாமல் நீளமாகவே விட்டு, எந்தப் பொசிஷன் என்று ஒரு டேப்பில் எழுதி ஒட்டி டப்பாவில் போட்டுவிடுங்கள். நாளைக்குக் கிட்டாரை விற்கும்போது பழையதையே திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டு, காசு போட்டு வாங்கியதை அடுத்த கிட்டாருக்கு எடுத்துக்கொள்ளலாம்.