நாலு இஞ்ச் தொலைநோக்கியில் வேற்றுச் சூரியனின் கோளைப் பிடிக்க

1999 செப்டம்பர் 9, 16 ஆகிய இரு இரவுகளில் எச்டி 209458 என்ற விண்மீன் சற்றே மங்கித் தெளிந்ததைப் பதிவு செய்தவர் டேவிட் சார்போனோ. அப்போது அவர் ஹார்வர்டில் ஆய்வு மாணவர். விண்மீனின் குறுக்கே அதன் கோள் போயிருக்கிறது. இதற்கு அவர் பயன்படுத்தியது, அமெரிக்காவின் கொலராடோவில் வானியலாளர் டிம் பிரவுன் அமைத்த தொலைநோக்கி. அதன் வாய் வெறும் 10 செ.மீ. என்னிடம் இருப்பதும் அதே அளவுதான் என்று தெரிந்த அன்றே மொட்டை மாடிக்கு ஏறிவிட்டேன்.

பூரட்டாதி விண்மீனுக்கு மேற்கே, கையை நீட்டி மூடிய முஷ்டியின் அகலத்தில் ஒன்றரை மடங்கு தள்ளித் தேடுங்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, பைனாகுலரில் தெரியும். கோளின் ஒரு சுற்று 3 நாள் 12 மணி 35 நிமிடம். அதாவது இன்று நள்ளிரவில் கடந்தால் அடுத்தது பட்டப்பகலில். அதற்கடுத்தது ஒரு வாரம் கழித்து, ஒரு மணி பத்து நிமிடம் தாமதமாக. சார்போனோவின் இரண்டு தேதிகளுக்கும் இடையே ஏழு நாள் இருப்பது இதனால்தான். செக் வானியல் சங்கத்தின் கடப்புப் பட்டியலில் உங்கள் ஊரைக் கொடுத்தால் நேரம் கிடைக்கும்.

கடப்பு மூன்று மணி நேரம். முன்னும் பின்னும் ஒரு மணி சேர்த்துக்கொள்ளுங்கள். விண்மீனைத் தானாகப் பின்தொடரும் மோட்டார் தாங்கி கட்டாயம் வேண்டும். கேமராவில் 'ரா' கோப்பாகவே, அதாவது கேமரா சுருக்கித் திருத்தாத மூலப் படமாகவே எடுங்கள்.

இனி முக்கியமானது: ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்துவிடுங்கள். முதல் தடவை நான் விண்மீனை ஊசிமுனையாக வைத்து எடுத்தேன். கேமரா சென்சாரின் நடுப்புள்ளிகள் (பிக்சல்கள்) ஒளியால் நிரம்பி வழிந்து, ஐந்து மணி நேர உழைப்பும் வீணானது. ஒளி பல புள்ளிகளில் பரவி, சின்ன வட்டமாகத் தெரிய வேண்டும். எந்தப் புள்ளியும் நிரம்பக் கூடாது.

அப்புறம், அதே படத்திலுள்ள இரண்டு மூன்று விண்மீன்களோடு ஒப்பிட்டே அளக்க வேண்டும். மெல்லிய மேகம் எல்லாவற்றையும் சேர்த்து மங்க வைக்கும். கோளோ தன் விண்மீன் ஒன்றை மட்டும்தான் மங்க வைக்கும். அஸ்ட்ரோஇமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் இந்தக் கணக்கைப் போடும்.

வரைபடத்தில் 1000 என்று ஓடும் ஒளி 985க்கு இறங்கி, தட்டையாகப் போய், மறுபடி ஏறும். ஆயிரத்தில் 15, அதாவது 0.015 பங்கு ஒளியைக் கோளின் வட்டம் மறைத்திருக்கிறது. இது பரப்பின் விகிதம், அகலத்தின் விகிதத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் 0.12. விண்மீனின் அகலம் சூரியனைப்போல் 1.2 மடங்கு, இரண்டையும் பெருக்குங்கள். சூரியனின் அகலத்தில் 0.14 பங்கு என்று வரும். வியாழன் சூரியனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அகலம் என்பதால், கோள் வியாழனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு அகலம். அந்த எண்ணை நோட்டில் எழுதியபோது விடிய ஒரு மணி நேரம் இருந்தது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.