பாட்டு முடிந்தால் தானாக அணையட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஜூலையில் மலேசியாவின் மின் கட்டண முறை மாறியதிலிருந்து, டிஸ்கிலிருந்தோ இணையத்திலிருந்தோ பாட்டை எடுத்து ஓட்டும் ஸ்ட்ரீமரும், அதை ஸ்பீக்கருக்குப் பெருக்கி அனுப்பும் ஆம்ப்ளிஃபயரும் (ஆம்ப்) தானாக அணைய என்ன வழி என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். கேட்பது நல்லதுதான். ஆனால் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், நான் பழகிய காலத்தில் அடித்த அதே கூத்து. பிளக்கை மாற்றிச் செருகுவது, டைமரில் காலையையும் மாலையையும் குழப்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒரே நாளில் தெரிந்துவிடும்.

வாட் கணக்குப் போடாமல் தொடங்குவது

ஒரு வாட் ஆண்டு முழுக்க ஓடினால் 8.76 யூனிட். மின் நிறுவனமான தெனாகா நேஷனலின் வீட்டுக் கட்டணம் இப்போது யூனிட்டுக்கு ஏறக்குறைய 44 சென். சிக்கனத் தள்ளுபடி கிடைத்தால் அதற்கும் கீழே. ஆக, ஒரு வாட்டுக்கு ஆண்டுக்கு நாலு வெள்ளிக்குள்தான் (ரிங்கிட்).

பலர் ஸ்ட்ரீமராக வைத்திருக்கும் சிறு கருவியான ராஸ்பெரி பை 4 (சுருக்கமாக 'பை') சும்மா இருக்கும்போது சுமார் 3 வாட் இழுக்கும். ஆண்டுக்கு 12 வெள்ளி. பாட்டே இல்லாமல் 40 வாட் இழுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு 155 வெள்ளி. கிளாஸ் ஏ ஆம்ப் என்றால் கேட்கவே வேண்டாம், பாடாத பாகவதருக்கும் முழுச் சம்பளம். அணைக்க வேண்டியது எது என்று இதிலேயே தெரிகிறது. ஆனாலும் எல்லாரும் முதலில் கை வைப்பது பையின் மேல்தான்.

ஓடிக்கொண்டிருக்கும் பையின் கரண்டை வெட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். ஒரே எக்ஸ்டென்ஷனில் பை, ஹார்ட் டிஸ்க், ஆம்ப் எல்லாவற்றையும் செருகி, அதை ஒரு ஸ்மார்ட் பிளக்கில் மாட்டி, இரவு 12 மணிக்கு 'ஆஃப்' என்று வைத்துவிடுவார்கள்.

பை என்பது ஒரு கணினி. எழுத வேண்டியதை அதன் இயங்குதளமான லினக்ஸ் கொஞ்ச நேரம் நினைவகத்தில் வைத்திருந்துதான் கார்டுக்கு அனுப்பும். எஸ்டி கார்டும் உள்ளுக்குள் தகவலை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் கோப்பு அமைப்பு கெடும். சில சமயம் கார்டே போய்விடும். தினமும் நடக்காது, அதுதான் வம்பு. "ரெண்டு மாசமா ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். அப்புறம் ஒரு காலையில் சிவப்பு விளக்கு மட்டும் எரியும், பச்சை சிமிட்டாது.

கார்டு போனால் கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். ஹார்ட் டிஸ்க் போனால்? பட்டர்வொர்த்தில் ஓய்வுபெற்ற ஒருவர், தம் அப்பா பாடிய தேவாரக் கேசட்டுகளை ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றி, எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பு கொண்ட டிஸ்க் ஒன்றில் வைத்திருந்தார். கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று மூலத்தை எறிந்தும் விட்டார். இன்னொரு பிரதி கிடையாது. பையில் ஓடும் பாட்டு சர்வர் பாட்டுப் பட்டியலைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தபோது டைமர் வெட்டியிருக்கிறது. பாதியில் நின்ற வேலையைச் சரிசெய்ய எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல், அதாவது மாற்றங்களின் குறிப்பேடு, கிடையாது. என்னிடம் வந்தபோது ஃபோல்டர் பெயர்களெல்லாம் கிறுக்கல். மீட்பு மென்பொருள் எடுத்துக் கொடுத்தவை வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புகள். பல பதிகங்கள் நடுவிலேயே நின்றன. டைமர் வைத்தது மகன். "பில்லு குறையட்டும்னுதான் அங்கிள் போட்டேன்" என்றான். பையில் மிச்சமாவது ஆண்டுக்கு 12 வெள்ளி கூட வராது என்று அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செய்ய வேண்டியது இது. பையை ஓடவிட்டு, ஆம்ப்புக்கு மட்டும் ஸ்மார்ட் பிளக் போடுங்கள். பையும் அணைந்தே ஆக வேண்டுமென்றால், முதலில் ஷட் டவுன் கட்டளை போகட்டும், ஐந்து நிமிடம் கழித்துப் பிளக் அணையட்டும். வாட் அளக்கும் பிளக் இருந்தால், இழுப்பு இறங்கிய பிறகு வெட்டும்படி வைக்கலாம். பைக்கான பாட்டு மென்பொருளான பைகோர்பிளேயர் முழுக்க நினைவகத்திலேயே ஓடுவதால் திடீரென்று வெட்டினாலும் தாங்கும். அதை நம்பி ஹார்ட் டிஸ்கையும் சேர்த்து வெட்டாதீர்கள், டிஸ்குக்கு அந்தச் சலுகை இல்லை. இன்னொன்று: ஷட் டவுன் ஆன பிறகும் பை கொஞ்சம் கரண்ட் இழுக்கும். பை எழும்போது முதலில் ஓடும் பூட்லோடரின் அமைப்பில் 'பவர் ஆஃப் ஆன் ஹால்ட்' என்பதை 1 ஆகவும் 'வேக் ஆன் ஜிபிஐஓ' என்பதை 0 ஆகவும் ஆக்கினால் அது வெகுவாகக் குறையும்.

சத்தத்தை வைத்து அணையும் கருவிகள்

பேஸ் ஒலிக்கென்றே இருக்கும் ஸ்பீக்கரான சப்வூஃபர்கள் பல, சிக்னல் இல்லையென்று தோன்றினால் தூங்கிவிடும். இரவில் மெதுவாக ஆலாபனை கேட்டால் நடுவிலேயே பேஸ் காணாமல் போகும். உடனே கோபத்தில் 'ஆட்டோ'வை 'ஆன்' ஆக்கிவிடுவார்கள், சேமிப்பும் போச்சு. அதற்குப் பதிலாக, ரிசீவரில் சப்வூஃபர் அளவைக் கூட்டி, சப்வூஃபரின் பின்னால் உள்ள குமிழைக் குறையுங்கள். கேட்கும் சத்தம் அதேதான். கருவிக்குச் சிக்னல் தெரியும்.

அணைக்கும் வரிசை

ஆம்ப் கடைசியில் எழ வேண்டும், முதலில் தூங்க வேண்டும். மாற்றினால் ஸ்பீக்கரில் 'டொம்'.

இடிக்குப் பிறகு

கோலாலம்பூரின் சாயங்கால இடியில் ட்ரிப் ஆவது புதிதல்ல. கரண்ட் திரும்பியதும் பிளக் எந்த நிலைக்கு வர வேண்டும் என்று செயலியில் ஓர் அமைப்பு இருக்கும். ஆம்ப்பின் பிளக்குக்கு அதை 'ஆஃப்' என்று வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சொந்த ஊருக்குப் போயிருக்கும் வாரம் முழுக்க அது ஆளில்லா வீட்டில் சூடாகிக்கொண்டிருக்கும்.

ஜாலான் பாசார் ரிலே

கோலாலம்பூரின் ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளில் ரிலே (கட்டளைக்கு இயங்கும் ஸ்விட்ச்) பலகையை வாங்கி, 230 வோல்ட்டை அந்தத் திறந்த பலகையில் நீங்களே இழுக்காதீர்கள். சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை உள்ள பிளக் வாங்குங்கள்.

வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்

கையால் அணையுங்கள்.

ரூட்டர்

தொடாதீர்கள். அதையும் டைமரில் போட்டால், இணையத்தை நம்பி இயங்கும் ஸ்மார்ட் பிளக்குக்கு அணைக்கச் சொல்லும் கட்டளையே போய்ச் சேராது.