கைப்பேசியை அணைத்துவிட்டு நெடுந்தீவில் ஒரு வார இறுதி: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

திரைகள் எதுவுமின்றி இரண்டு நாட்கள் ஓய்வாக இருக்க வேண்டும் என்று விரும்புவோர் யாழ்ப்பாணத்தில் பலர் இருக்கிறார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு எடுத்த முடிவு சனிக்கிழமை மத்தியானத்துக்குள் கைநழுவிப் போய்விடுகிறது. நேரம் பார்க்க, இருட்டில் வெளிச்சம் பிடிக்க, வழி அறிய, காசு கொடுக்க, அழும் பிள்ளையை அமர்த்த என்று எத்தனையோ சிறு வேலைகளை நாம் கைப்பேசியிடம் ஒப்படைத்திருக்கிறோம்; அவற்றுக்கு வேறு வழி செய்யாமல் புறப்பட்டால், எவ்வளவு உறுதியான மனம் உள்ளவரும் அதைக் கையில் எடுத்தே ஆக வேண்டியிருக்கும். எடுத்த பிறகு நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு வைப்பவர் மிகக் குறைவு. ஆகவே இந்த விளக்கத்தில் பயணத்தைவிட ஆயத்தத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: இடமும் காலமும்

முதன்முறை செல்வோருக்கு நெடுந்தீவையே நான் பரிந்துரைப்பேன். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் சென்று, அங்கிருந்து படகில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தீவை அடையலாம். நினைத்தவுடன் வீடு திரும்ப முடியாதபடி இடையில் கடல் இருப்பது இந்த முயற்சிக்குப் பெரிய துணை. ஆயினும் அங்கே சிக்னல் கிடைக்காது என்று எண்ணிச் செல்லாதீர்கள். கைப்பேசியை அணைக்க வேண்டியவர் நீங்கள்தான்.

தை முதல் பங்குனி வரையான மாதங்கள் மிகவும் உகந்தவை. ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுக்கும். சோளகம் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவில் திருவிழாவுக்குச் செல்லும் அடியார்களும் இதே இறங்குதுறையில்தான் படகேறுவார்கள் என்பதால், அமைதியைத் தேடுவோர் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. படகு புறப்படும் நேரங்கள் மாறக்கூடியவை. முதல் நாளே விசாரித்து, திரும்பி வரும் படகின் நேரத்தையும் சேர்த்துக் கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தீவில் தங்குமிடங்கள் அதிகம் இல்லாததால் அறையையும் உணவையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்ய வேண்டும்.

கடற்பயணம் ஒத்துக்கொள்ளாத முதியவர்களோ கைக்குழந்தைகளோ உடன் வருவதானால், காரைநகர் கசூரினா கடற்கரையையும் கீரிமலைக் கேணியையும் ஒட்டி இரண்டு நாட்களை அமைத்துக்கொள்ளலாம். கீழே வரும் படிகள் அதற்கும் பொருந்தும்.

படி 2: உறவுகளுக்கு அறிவித்தல்

எங்கள் ஊரைப் பொறுத்தவரையில் மிக முக்கியமான படி இதுதான். ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களிலும் ஒருவராவது கனடாவிலோ லண்டனிலோ பிரான்சிலோ இருக்கிறார், அவர் எடுப்பது வார இறுதியில்தான். கோடை காலத்தில் டொரொன்டோவின் நேரம் நமது நேரத்துக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் இருப்பதால், அங்கே மகள் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தேநீர் குடித்தபடி அம்மாவுக்கு எடுக்கும்போது இங்கே மாலை ஆறரை மணி ஆகியிருக்கும். அந்த அழைப்புக்குப் பதில் இல்லையென்றால் அவர் பதறிப்போய் அயலவருக்கும், ஒன்றுவிட்ட சகோதரருக்கும், கடைசியில் கடைக்காரருக்கும் எடுப்பார். தொலைவில் இருப்பவரின் அந்தப் பதற்றத்தை இலகுவாக எண்ணக் கூடாது.

எனவே புறப்படுவதற்கு மூன்று நாட்களுக்கு முன்பாவது இவ்வாறு ஒரு செய்தி அனுப்புங்கள்: “வெள்ளி இரவு ஒன்பது மணி முதல் ஞாயிறு இரவு ஏழு மணி வரை எங்கள் கைப்பேசிகள் அணைத்திருக்கும். எல்லாரும் சுகம். நெடுந்தீவுக்குப் போகிறோம். அவசரமென்றால் இந்த இலக்கத்துக்கு எடுக்கவும்.” கீழே தங்குமிடத்தின் தொலைபேசி இலக்கத்தைக் குறிப்பிடுங்கள். தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் தெளிவாக இருந்தால் பெரும்பாலானோர் பொறுமையாக இருப்பார்கள். வழக்கமான வார இறுதி உரையாடலை வியாழக்கிழமையே பேசி முடித்துவிடுவது இன்னும் நல்லது.

வீட்டில் நோயாளி ஒருவரை விட்டுவிட்டுச் செல்வதானால் இந்தப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். ஒரு காது அங்கேயே இருக்கும்போது ஓய்வு கிடைக்காது.

படி 3: சிறு வேலைகளுக்கு மாற்று

ஒரு கைமணிக்கூடும், காலையில் எழுப்புவதற்குச் சிறிய அலாரம் மணிக்கூடும், ஆளுக்கொரு டோர்ச்சும் எடுத்துவையுங்கள். முக்கியமான தொலைபேசி இலக்கங்களையும் தேவையான முகவரிகளையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பியும் பேனையும் இரண்டு நாட்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், ஏனெனில் “இதை இப்போதே தேடிப் பார்க்க வேண்டும்” என்று மனதில் எழும் எதையும் அதில் எழுதிவைத்துவிட்டால் அந்த உந்துதல் பெரும்பாலும் அடங்கிவிடும். செலவுக்குச் சில்லறையாகக் காசு கொண்டு செல்லுங்கள். நெடுந்தீவில் நன்னீர் அரிது என்பதால் குடிதண்ணீரைத் தாராளமாக எடுத்துச் செல்வது அவசியம். தேசிய அடையாள அட்டை, வழக்கமாகப் போடும் குளிசைகள், நுளம்புத்திரி, தொப்பி ஆகியவையும் பையில் இருக்கட்டும்.

பாதுகாப்புக்காகக் குழுவில் ஒருவரிடம் மட்டும் பொத்தான் உள்ள சாதாரண கைப்பேசி இருக்கலாம். பொலிசுக்கு 119, இலவச அம்புலன்ஸ் சேவைக்கு 1990 என்ற இலக்கங்களை எல்லாரும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்.

புகைப்படம் எடுக்காமல் முடியாது என்பவர்கள் பழைய டிஜிற்றல் கமரா ஒன்றைக் கொண்டுவரலாம். எடுக்காமல் இருப்பதையே நான் விரும்புவேன்.

படி 4: அணைத்தல்

ஒலியை மட்டும் நிறுத்தி வைப்பது போதாது. வெள்ளி இரவு எல்லாரும் ஒன்றாக இருந்து, பெரியவர்கள் முதலில், பிள்ளைகள் பிறகு என்ற வரிசையில் முழுமையாக அணைத்து, வீட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். தகப்பன் தனக்கு மட்டும் விலக்குக் கேட்டால் பிள்ளைகளிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது.

படி 5: சனிக்கிழமைப் பகல்

படகில் ஏறியதும் கை தானாகவே சட்டைப்பையைத் தடவும். இல்லாத கைப்பேசி அதிர்வது போலவும் தோன்றும். இது பலருக்கும் ஏற்படுவதே. ஆகையால் முதல் அரை நாளைக் கைகளுக்கும் கால்களுக்கும் வேலை கொடுத்து நிரப்புவது அவசியம்.

நெடுந்தீவு சுமார் 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தட்டையான நிலம். சைக்கிள் கிடைக்குமா என்று தங்குமிடத்தாரிடம் முன்பே கேட்டு வையுங்கள். சாந்து பூசாமல் பவளப் பாறைக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள், ஒல்லாந்தர் காலக் கோட்டையின் இடிபாடு, புறாக்கூட்டுக் கோபுரம், பருத்த அடிமரத்தைக் கொண்ட பெருக்கமரம், திறந்த வெளியில் மேயும் குதிரைகள் என்று பார்ப்பதற்கு நிறைய உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க முயலாதீர்கள். காலையில் இரண்டு இடங்கள் போதும். குதிரைகள் காட்டு விலங்குகள் போல வாழ்பவை. வறட்சியில் தண்ணீருக்கே தவிக்கும் அவற்றைத் துரத்தவோ நெருங்கவோ பிள்ளைகளை விடாதீர்கள்.

பின்னேரத்துக்கு ஒடியற்கூழ் காய்ச்சுவதைப் போல உகந்த வேலை வேறு எனக்குத் தெரியவில்லை. காயவைத்த பனங்கிழங்கிலிருந்து பெறும் ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு நீரை வடித்து எடுக்க வேண்டும், மீனும் நண்டும் இறாலும் துப்பரவாக்க வேண்டும், மரவள்ளியும் பயிற்றங்காயும் வெட்ட வேண்டும், பலாக்கொட்டை உரிக்க வேண்டும், முருங்கையிலை உருவ வேண்டும். இத்தனைக்கும் பல கைகள் தேவை, அவசரமும் கூடாது. பிள்ளைகளுக்கும் பொறுப்புக் கொடுங்கள். கூழ் குடிப்பதற்கான பிளாவைப் பனையோலையில் கோலத் தெரிந்த பெரியவர் ஒருவர் அங்கே இருந்தால், அவரிடம் பழகிக்கொள்வதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

படி 6: இரவு

வீட்டில் கைப்பேசியை நாம் அதிகம் தேடுவது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகான இரண்டு மணித்தியாலத்தில்தான். நால்வர் இருந்தால் கடதாசிக் கட்டை எடுத்து 304 விளையாடுங்கள். நான்கு இனங்களிலும் உள்ள புள்ளிகளைக் கூட்டினால் 304 வரும் என்பதிலிருந்து தொடங்கினால் இளையவர்களும் விரைவில் பிடித்துக்கொள்வார்கள்.

பறுவ நாளைத் தவிர்த்து, அமாவாசையை அண்டிய வார இறுதியைத் தெரிவு செய்திருந்தால் வானமே போதும். மாசி மாத முன்னிரவில் ஆறுமீன் எனப்படும் கார்த்திகை, சிவந்த ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை ஆகியவற்றை வரிசையாகக் காணலாம். சாதகக் குறிப்பில் மட்டும் கேள்விப்பட்ட பெயர்களைப் பிள்ளைகளுக்கு வானத்தில் சுட்டிக் காட்டுங்கள். துருவ நட்சத்திரம் வட அடிவானத்துக்குச் சுமார் 10 பாகை மேலே, நீட்டிய கையின் விரல்களை மூடிய முட்டியளவு உயரத்தில்தான் நிற்கும்.

படி 7: திரும்புதல்

ஞாயிறு காலையில் எதையும் திட்டமிடாமல் விடுங்கள். வானிலை மோசமானால் படகுச் சேவை நிறுத்தப்படலாம் என்பதால் கடைசிப் படகுக்காகக் காத்திராமல் அதற்கு முந்தியதில் ஏறுவது பாதுகாப்பானது.

அறிவித்த நேரத்துக்கு முன்னர் கைப்பேசியைத் திறக்க வேண்டாம். அந்த நேரத்தைத் தாண்டவும் வேண்டாம், ஏனெனில் ஏழு மணிக்கு ஒருவர் காத்திருப்பார். முதலில் அவருக்கு எடுத்துப் பேசுங்கள். தவறிய அழைப்புகளை மட்டும் பார்த்து, தேவையானவர்களுக்குப் பதில் கொடுங்கள். வட்ஸ்அப் குழுக்களில் குவிந்திருக்கும் நூற்றுக்கணக்கான செய்திகளை அன்றிரவு திறக்காமல், திங்கட்கிழமை வேலை தொடங்கிய பிறகு உங்கள் பெயரைக் குறித்து அனுப்பப்பட்டவற்றை மட்டும் வாசியுங்கள்.